அப்பாருவின் சுருட்டுப் பெட்டியை இழைக்கலாமா?

கேள்வி: எங்க அப்பாரு வைத்திருந்த மரச் சுருட்டுப் பெட்டியில் அப்பத்தா எழுதிய கடிதங்களையும் பழைய ஸ்டுடியோ போட்டோக்களையும் போட்டு வைத்திருக்கிறோம். இந்த மழையில் உள்ளே வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. அடியில் மாவு மாதிரி தூள் கொட்டுகிறது. மூடியும் சரியாக மூடவில்லை. இழைத்து வார்னிஷ் அடித்தால் புதுசாகிவிடும் என்கிறார் ஆசாரி. அடிக்கலாமா?
- வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: வேண்டாம்மா. இழைப்பும் வேண்டாம், வார்னிஷும் வேண்டாம்.

முதலில் மூடி. உங்கள் ஊர் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் இருக்கிறது. கர்க்கடக (ஆடி) மழையில் மரம் ஈரம் குடித்து உப்பும். மார்கழி, தையில் கிழக்குக் காற்று அடிக்கும்போது சுருங்கும். இப்போது இழைத்துவிட்டால் தையில் இடுக்கு விழும், பூச்சிக்கு அதுவே வாசல். பொறுங்கள், தானாகத் தளரும்.

சுருட்டுப் பெட்டிக்குப் பேர்போன மரம் ஸ்பானிஷ் சிடார். பெயரில்தான் சிடார் (தேவதாரு), உண்மையில் அது வேப்ப மரத்தின் குடும்பம். நம் மேற்கு மலையில் வளரும் சந்தன வேம்பு அதற்கு நெருங்கிய சொந்தம். இந்தியாவில் அதிலும் சுருட்டுப் பெட்டி செய்திருக்கிறார்கள். திறந்ததும் வருகிறதே ஒரு வாசனை, பூச்சியை அண்டவிடாமல் வைப்பதே அதுதான். வார்னிஷ் அதை மூடிவிடும். அப்பாருவை நினைவூட்டுவதும் அந்த வாசனைதானே? அதை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் ஏன் தூள்? பல பெட்டிகளில் அடிப்பலகை மட்டும் வேறு மட்ட மரம், அதைப் பூச்சி அரிக்கும். பெட்டியைக் காலி செய்து, தட்டித் தூளைக் கொட்டிவிட்டு, கறுப்புக் காகிதத்தின் மேல் சில வாரம் வையுங்கள். புதுத் தூள் விழுந்தால் உள்ளே புழு உயிரோடு இருக்கலாம். காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி ஃப்ரீசரில் 2 வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். ஒரு நாள் கழித்துத் திறந்தால் மரத்தில் நீர் கோக்காது.

பூஞ்சணத்தை வீட்டுக்கு வெளியே, நிழலில், முகக்கவசம் கட்டிக்கொண்டு உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் தட்டுங்கள். ஈரத்துணி பட்டால் பெட்டியில் ஒட்டிய லேபிள் கிளம்பிவிடும். நேர் வெயிலில் வைத்தால் பலகை கோணும், லேபிள் வெளுக்கும்.

இதைவிட எனக்குக் கவலை அந்தக் கடிதங்களைப் பற்றித்தான். சுருட்டுப் பெட்டி மரம் மெல்ல அமில ஆவி விடும். சில சமயம் பிசினும் கசியும். காகிதம் பழுத்து ஒடியும். அமிலமில்லாத காகிதத்தில் ஒவ்வொன்றையும் தனித்தனியே சுற்றி வேறு அட்டைப்பெட்டிக்கு மாற்றுங்கள். குண்டூசி, ரப்பர் பேண்ட் இருந்தால் எடுத்துவிடுங்கள். ஒன்றோடொன்று ஒட்டிய போட்டோவைப் பிய்க்கவே கூடாது, படம் உரிந்து வந்துவிடும். அவற்றை அப்படியே விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

காலியான சுருட்டுப் பெட்டியில் அப்பாருவின் மூக்குக்கண்ணாடி, பேனா, வெற்றிலைப் பாக்குவெட்டி ஏதாவது இருந்தால் போட்டு வையுங்கள். ஓரத்தில் துணியில் முடிந்த வசம்பு ஒரு துண்டு போதும்.