அந்த அக்கா போன பிறகு

வணக்கம் மேடம். மதுரையில் பி.எஸ்சி. உளவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். துறையில் தலைமைப்பண்புப் பயிலரங்கு நடத்திச் சான்றிதழ் தந்தார்கள். ஆனால் மைக்கைப் பிடித்தாலே எனக்குக் கை நடுங்குகிறது. மன்றச் செயலாளர் பொறுப்பும் கிடைக்கவில்லை. விடுதியில் தோழிகளுக்கு நான்தான் கவுன்சலிங் செய்கிறேன். தலைமைப்பண்பை எப்படி வளர்த்துக்கொள்வது?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

கை நடுக்கம் பேசப் பேசப் போய்விடும், செயலாளர் பதவியை மறந்துவிடுங்கள். போன வாரம்தான் நான் படித்த விடுதிக்குப் போய் வந்தேன், அதிலிருந்து ஒரு அக்காவின் நினைப்பாகவே இருக்கிறது.

கூட்டத்தில் வாயே திறக்க மாட்டார். ராத்திரி மெஸ்ஸில் யார் சாப்பிட வரவில்லை என்று மட்டும் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒருத்தி இரண்டு வேளை வரவில்லை என்றால் ஒரு டம்ளர் ரசத்தோடு போய்க் கதவைத் தட்டுவார். அப்பா இறந்து நான் விடுதிக்குத் திரும்பிய வாரம் என் கதவையும் தட்டினார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் குடித்து முடிக்கும்வரை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார், டம்ளரை வாங்கிக்கொண்டு போனார், அவ்வளவுதான். தளத்துக்கு ஒரு ஜூனியரை இதற்குப் பழக்கியும் வைத்திருந்தார். ஏப்ரலில் அவர் படிப்பு முடிந்து போய்விட்டார், ஜூனில் யாரும் சொல்லாமலே நாங்கள் கதவு தட்டிக்கொண்டிருந்தோம்.

உளவியலாளர்கள் கர்ட் லெவினும் லிப்பிட்டும் வைட்டும் 1939இல் வெளியிட்ட ஆய்வு உங்கள் பாடத்தில் வந்திருக்கும். பத்து வயதுப் பையன்கள், முகமூடி செய்யும் குழுக்கள், மூன்று வகைத் தலைமை: அதிகாரம் செய்வது, கலந்து பேசி முடிவெடுப்பது, அவரவர் போக்கில் விட்டுவிடுவது. தேர்வுக்கு அந்த மூன்று பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டுப் போகிறோமே, அதுதான் எனக்கு ஆற்றாமை. தலைவர் அறையை விட்டு வெளியே போனதும் அதிகாரம் செய்த குழுவில் வேலை படுத்துவிட்டது, கலந்து பேசி முடிவெடுத்த குழுவில் பையன்கள் பாட்டுக்குச் செய்துகொண்டிருந்தார்கள். அந்த இடத்தைத் திரும்பப் படியுங்கள், இரண்டு தடவை படியுங்கள்.

அப்புறம் ஒன்று, இதைக் கோபமாகத்தான் சொல்கிறேன். 'கவுன்சலிங் செய்கிறேன்' என்று இனி எழுதாதீர்கள். இரண்டாம் ஆண்டு மாணவி அதைச் செய்யவே கூடாது. சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான ஸ்நேகாவில் தன்னார்வலர்கள்கூடப் பயிற்சி முடித்த பிறகுதான் போனை எடுக்கிறார்கள். நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள், கேளுங்கள். செத்துவிடலாம் போலிருக்கிறது என்று ஒருத்தி சொன்னால், சத்தியம் வாங்கியிருந்தாலும் சரி, ரகசியம் காக்காதீர்கள். அவளைத் தனியே விடாமல் 14416க்கு, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸுக்கு, போன் போட்டுக் கொடுங்கள், நடுராத்திரி ஆனாலும் வார்டனை எழுப்புங்கள். உங்கள் நல்ல மனசு எனக்குத் தெரிகிறது அம்மா, அதனால்தான் இவ்வளவு பயப்படுகிறேன்.

இரண்டு ஜூனியர்களைச் சேர்த்துக்கொண்டு நாளைக்கே மெஸ்ஸில் ஆரம்பியுங்கள். ஒரு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை ஊருக்குப் போய்விடுங்கள். நீங்கள் இல்லாத அந்த இரண்டு நாளில் யார் யார் கதவு தட்டப்பட்டது என்று திங்கட்கிழமை விசாரித்து எனக்கு எழுதுங்கள்.