கருவையை வெட்டினால் போதாது, தூரை எடுக்க வேண்டும்: கேள்வி பதில்

பரமக்குடிப் பக்கம் எங்களுக்கு நான்கு ஏக்கர் மானாவாரி நிலம். பல வருஷம் தரிசாகக் கிடந்து முழுக்கச் சீமைக் கருவேலம் (சுருக்கமாகக் கருவை) மண்டிவிட்டது. இரண்டு முறை வெட்டி, இரண்டு முறையும் தழைத்து, மூன்றாவது முறைதான் ஒழித்தேன். அடிக்கட்டை துளிர்ப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, தை மாசம் ஆள் விட்டுக் கருவையைத் தரையோடு வெட்டினோம். ஆடிக்குள் ஒவ்வொரு கட்டையிலும் பத்துப் பதினைந்து துளிர். ஏன் இப்படி?

கருவையின் உயிர் தரைக்கு மேலே இல்லை, தம்பி. தண்டு முடிந்து வேர் ஆரம்பிக்கும் இடம் இருக்கிறதே, அந்த வேர்க்கழுத்தைச் சுற்றித்தான் உறங்கும் மொட்டுகள் இருக்கின்றன. மேலே இருந்த மரம் போனதும் அத்தனை மொட்டும் விழித்துக்கொள்ளும். வேரில் சேர்த்து வைத்த சத்து முழுதும் அவற்றுக்கே போவதால்தான் அவ்வளவு வேகம். ஒரு மரம் இருந்த இடத்தில் முள்புதர் வந்துவிடும்.

ஆனால் ஒரு நல்ல விஷயம், அந்தக் கழுத்துக்குக் கீழே உள்ள வெறும் வேர் பொதுவாகத் துளிர்ப்பதில்லை. ஆகவே ஆணிவேரைத் தேடி ஆழமாகத் தோண்ட வேண்டாம். கட்டையைச் சுற்றி ஒரு அடி பறித்து, கழுத்து மேலே வந்துவிடும்படி அதற்குக் கீழே கோடாரியால் வெட்டி எடுங்கள். மழை பெய்து மண் இளகிய சமயம் பார்த்துச் செய்தால் பாதி வேலை மிச்சம். பெரிய தூராக இருந்தால் ஜேசிபி வைத்துக் கெல்லலாம். அப்படி எடுக்கும் தூர்க்கட்டையைக் கரிமூட்டம் போடுபவர்கள் வாங்கிக்கொள்வார்கள், கூலியில் கொஞ்சம் திரும்பும்.

2017-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை கருவையை அகற்றச் சொன்னபோது தென்மாவட்டம் எங்கும் மும்முரமாக வேலை நடந்தது. மேலோடு வெட்டிவிட்டுப் போன இடமெல்லாம் திரும்பத் தழைத்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

கண்மாய் உள்வாயில் எங்கள் பட்டா. ஒரு அடிக்கு மேல் தோண்டியும் துளிர்க்கிறதே, ஐயா?

வண்டல் காரணமாக இருக்கும். வருஷா வருஷம் மண் படிந்து தண்டின் அடிப்பகுதி புதைந்துபோனால் கழுத்தும் கீழே போய்விடும். அங்கே அடிக்கணக்கு உதவாது. தண்டு உருண்டையாக இறங்கி, எந்த இடத்தில் வேர்கள் பக்கவாட்டில் பிரிகின்றனவோ அதுவரை மண்ணைப் பறியுங்கள். அதற்குக் கீழேதான் வெட்டு விழ வேண்டும்.

உப்பு, ஆசிட், டீசல் இப்படி ஏதாவது ஊற்றினால் போதாதா? ஓட்டை போட்டுப் பெருங்காயம் வைக்கச் சொல்கிறார்கள்.

உப்பு மரத்தைவிட முதலில் மண்ணைக் கெடுக்கும். அதே இடத்தில் பயிர் வைக்க நினைப்பவர் அதைத் தொடவே கூடாது. ஆசிட் கை, கண்ணுக்கு ஆபத்து. டீசல் இளஞ்செடியை வாடவைக்கும். ஆனால் கிணறு பக்கத்தில் இருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பெருங்காயத்தை நம்பி நான் ஒரு வருஷத்தை விடமாட்டேன். கட்டையின் மேல் தீ வைப்பதும் வீண்தான், சூடு மண்ணுக்குள் இருக்கும் மொட்டு வரை இறங்காது.

களைக்கொல்லி?

தோண்ட வழியே இல்லாத இடத்துக்கு மட்டும். வெட்டிய கட்டையில் நடுவிலுள்ள வைரம், அதாவது கெட்டியான உள்மரம், செத்த மரம். பட்டையை ஒட்டிய வெளிவட்டம்தான் உயிருள்ள பகுதி. வெட்டின சில நிமிஷத்துக்குள் அந்த வளையத்தில் தூரிகையால் தடவினால்தான் மருந்து வேருக்கு இறங்கும். மறுநாள் தடவினால் வெட்டுவாய் காய்ந்து போயிருக்கும், மருந்தும் காசும் வீண். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைப் பூச்சிக்கட்டுப்பாட்டு உரிமம் உள்ளவர்கள்தான் பயன்படுத்த வேண்டும் என்று 2022-இல் மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. நீங்களே வாங்கி அடிக்காமல் வேளாண் அலுவலகத்தில் கேட்டுச் செய்யுங்கள்.

அண்ணே, வீட்டுச் சுவரை ஒட்டி வேப்பமரம். வெட்டிவிட்டோம், கட்டை துளிர்க்கிறது. தோண்டினால் அஸ்திவாரம் தாங்குமா என்று பயம்.

தோண்டாதீர்கள், அக்கா. வேம்புக்கு இன்னொரு குணமும் உண்டு, அடிபட்ட வேரிலிருந்தும் கன்று விடும். துளிர் விரல்நீளம் வந்ததும் அடியோடு கிள்ளிக்கொண்டே இருங்கள். இலை விரிந்து சத்து சேர்க்க விடாமல் பார்த்தால் வேரில் இருக்கும் இருப்பு தீர்ந்து கட்டை தானாக மடியும். கட்டையின் மேல் கறுப்புத் தார்ப்பாய் போட்டு ஓரத்தில் மண் அணைத்தால் வெளிச்சம் உள்ளே போகாது, இன்னும் சீக்கிரம். ஒன்றிரண்டு வருஷம் ஆகலாம். இடையில் ஒரு மாசம் ஊருக்குப் போய்விட்டால் அதுவரை கிள்ளியது வீணாகிவிடும், பக்கத்து வீட்டில் சொல்லி வைத்துவிட்டுப் போங்கள்.

தென்னங்கட்டை?

தழைக்காது. குருத்து போனால் மரம் போயிற்று, பனையும் அப்படித்தான். ஆனால் மட்கும் கட்டையில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். தோப்பில் மற்ற மரங்கள் இருந்தால் கட்டையை எடுத்து அப்புறப்படுத்துங்கள்.

கிணற்றுச் சுவரில் அரசமரம் முளைத்திருக்கிறது. வெட்ட வெட்ட வருகிறது.

பிடித்து இழுக்காதீர்கள், கல்லோடு வரும். கன்றாக இருக்கும்போதே இரண்டு கல்லைப் பெயர்த்து வேரை முழுதாக எடுத்துவிட்டு, இடைவெளியைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்துவிடுங்கள். பருத்துவிட்டால் கொத்தனாரைக் கூப்பிடுவது நல்லது.

தூரோடு எடுத்துவிட்டேன். ஆனாலும் அடுத்த மழைக்கு நிலம் முழுக்கக் கருவைக் கன்று!

அது பழைய தூர் இல்லை, விதை. ஆடுமாடு நெற்றைத் தின்னும், விதை செரிக்காமல் சாணத்தோடு வந்து விழும். மண்ணிலும் பல வருஷம் உறங்கிக் கிடக்கும். கன்று ஒரு சாண் இருக்கையில் ஈர மண்ணில் கையாலேயே வேரோடு வந்துவிடும். முள் தைக்காமல் தடித்த கையுறை போட்டுக்கொள்ளுங்கள். நிலத்தைச் சும்மா போடாமல் முதல் மழைக்கே சோளமோ குதிரைவாலியோ விதையுங்கள். எங்கள் நிலத்தில் மூன்று மழைக்காலம் விடாமல் பிடுங்கினோம். இப்போது வரப்போரம்தான் ஒன்றிரண்டு தலைகாட்டுகிறது.