பள்ளி வானொலி பற்றிக் கேளுங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் ஓர் இடைநிலைப் பள்ளியின் வானொலிக் கழகத்தைப் பல வருடம் கவனித்துக்கொண்ட ஆசிரியர் நான். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சார், இணையத்தில் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கிப் பள்ளியில் வைக்கலாமா? (படிவம் 4 மாணவன்)

வேண்டாம் தம்பி. 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டப்படி அதற்கு அனுமதி வேண்டும். நாங்கள் தொடங்கியது சபைகூடல் ஒலிபெருக்கியில்தான். ஓய்வு நேரத்தில் கேண்டீன் பக்கம் இரண்டு பெட்டி, பத்து நிமிடம். மீ கோரேங் தட்டோடு நின்று கேட்கிற பிள்ளைதான் உன் முதல் நேயர்.

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளிகளே எஃப்எம் நடத்துகின்றனவாமே?

உண்மைதான். இந்தியானா மாநிலத்தில் நியூ ஆல்பனி பள்ளியின் டபிள்யூஎன்ஏஎஸ் வானொலி 1949இல் தொடங்கியது. அங்கே 88 முதல் 92 மெகாஹெர்ட்ஸ் வரை வணிக நோக்கமில்லாத கல்வி ஒலிபரப்புக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். விளம்பரம் கூடாது. உதவியவர் பெயரைச் சொல்லி நன்றி கூறலாம். விலையோ, ‘வாங்குங்கள்’ என்ற பேச்சோ வரக்கூடாது. எனக்கு அந்த விதி மிகவும் பிடித்தது, எங்கள் கழகத்திலும் வைத்தேன். மைக் வாங்கித் தந்த மளிகைக்கடைக்காரர் பெயரைச் சொன்னோம், அவர் கடை அரிசி விலையைச் சொல்லவில்லை.

முட்டை அட்டை ஒட்டினால் வெளிச்சத்தம் நிற்குமா?

நிற்காது. கெட்டிப் போர்வைகளைத் தொங்கவிடுங்கள், அறைக்குள் எதிரொலியாவது குறையும். தகரக் கூரையில் மழை இறங்கினால் பதிவைத் தள்ளிப்போடுங்கள்.

‘ப’ சொல்லும்போது மைக்கில் வெடிக்கிறது சார்.

வாய்க்கு நேரே பிடிக்காதேம்மா. ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வை.

எங்கள் பிள்ளைகளுக்குச் சினிமாப் பாட்டைத் தவிர எதுவும் தெரியவில்லை. என்ன பேச வைப்பது? (ஓர் ஆசிரியை)

டீச்சர், பாட்டுக்கு உரிமை வாங்க வேண்டும். பாட்டியின் பேச்சுக்கு அவர் சம்மதம் போதும். ஒரு மாணவி தன் பாட்டியிடம், “பெரட்டுன்னா என்ன?” என்று கேட்டுக் கைப்பேசியில் பதிந்து வந்தாள். பாட்டி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, ரப்பர்த் தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்றது, கங்காணி பேர் கூப்பிட்டது, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டு ஓடியது எல்லாம் வந்தன. நடுவில் எழுந்துபோய், வீட்டில் பத்திரமாக வைத்திருந்த பழைய மங்கு ஒன்றை, ரப்பர்ப் பால் பிடிக்கும் கிண்ணத்தை, எடுத்துவந்து விரலால் தட்டிக் காட்டினார். ‘டங்’ என்று ஒரு சத்தம். அது கேண்டீனில் ஒலித்தபோது, சோறு போட்டுக்கொண்டிருந்த அக்கா அகப்பையை அப்படியே பிடித்தபடி நின்றார். அவரும் அதே தோட்டத்தில் பிறந்தவர். இன்று அங்கே பால்மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் செம்பனை.

அந்த ஆரம்ப மௌனத்தை வெட்டிவிடலாம் என்று பிள்ளைகள் சொன்னார்கள். நான் விடவில்லை. பாட்டி யோசிப்பதும் நேயருக்குக் கேட்க வேண்டும்.

இப்படிப்பட்ட பதிவுகளை எப்படிப் பாதுகாப்பது?

தொடக்கத்திலேயே பேசுபவர் பெயர், தோட்டத்தின் பெயர், தேதி மூன்றையும் குரலில் சொல்லிவிடுங்கள். ஒரு பிரதி பள்ளியில், ஒன்று அந்தக் குடும்பத்திடம். கைப்பேசியில் மட்டும் வைத்திருந்த ஒரு தாத்தாவின் குரலை நாங்கள் இழந்திருக்கிறோம். மறுபடி பதிய அவர் இல்லை.