வாசகர் கேள்வி–பதில்: பேஸ்பாலின் 1951

நியூயார்க் ஜயன்ட்ஸ் என்ற பேஸ்பால் அணி 1951-இல் மிகவும் பின்தங்கிய நிலையிலிருந்து மீண்டு வந்து, புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியைக் கடைசி ஆட்டத்தில் வென்றது பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அந்த ஓர் ஆண்டைப் பற்றியே வாசகர்கள் பலர் கேட்டிருப்பதால், இம்முறை மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்திருக்கிறேன்.

கேள்வி: "ஜயன்ட்ஸ் 13 ஆட்டங்கள் பின்தங்கியிருந்தது" என்று எழுதியிருந்தீர்கள். கிரிக்கெட் மட்டுமே தெரிந்த எனக்கு இது புரியவில்லை. அவ்வளவு பின்தங்கிய அணி எப்படி மேலே வந்தது?

அந்நாளில் நேஷனல் லீக், அமெரிக்கன் லீக் என்ற இரண்டு லீகுகளிலும் தலா எட்டு அணிகள் இருந்தன. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒவ்வோர் அணியும் 154 ஆட்டங்கள் ஆடும். முடிவில் முதலிடத்தில் நிற்கும் அணியே அந்த லீகின் வெற்றிக்கொடியைப் பெறும். காலிறுதி, அரையிறுதி எதுவும் கிடையாது. இரண்டு லீகுகளின் முதல் அணிகள் மட்டும் அக்டோபரில் உலகத் தொடரில் மோதும். முன்னணி அணி தொடர்ந்து 13 ஆட்டங்களில் தோற்று, பின்னால் இருக்கும் அணி அதே 13 ஆட்டங்களில் வென்றால்தான் இரண்டும் சமநிலைக்கு வரும் என்றால், பின்னால் இருக்கும் அணி 13 ஆட்டங்கள் பின்தங்கியிருப்பதாகக் கணக்கு.

1951 ஆகஸ்ட் 11 இரவு டாட்ஜர்ஸ் 70 வெற்றி, 36 தோல்வி என்ற நிலையில் இருந்தது. ஜயன்ட்ஸ் 59 வெற்றி, 51 தோல்வி. அந்த ஆண்டைத் தொடங்கும்போதே முதல் 14 ஆட்டங்களில் 12-இல் தோற்ற அணி அது. ஆனால் மறுநாளிலிருந்து தொடர்ந்து 16 ஆட்டங்களில் வென்றது; மீதமிருந்த 44 ஆட்டங்களில் 37-ஐக் கைப்பற்றியது. டாட்ஜர்ஸ் சரிந்து விழுந்தது என்று பலரும் எழுதுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. அவர்களும் எஞ்சிய 48 ஆட்டங்களில் 26-இல் வென்றார்கள். சாதாரண ஆண்டாக இருந்திருந்தால் அதுவே போதுமானதாக இருந்திருக்கும்.

செப்டம்பர் 30, கடைசி நாள். ஜயன்ட்ஸ் பாஸ்டனில் வென்று முடித்துவிட்டது. டாட்ஜர்ஸ் ஃபிலடெல்ஃபியாவில் தோற்றால் கதை முடிந்தது என்ற நிலையில் ஆட்டம் வழக்கமான 9 இன்னிங்ஸைத் தாண்டி 14 இன்னிங்ஸ் வரை நீண்டது. 12-ஆவது இன்னிங்ஸில் தோல்வியைத் தந்திருக்கக்கூடிய ஒரு பந்தைப் பாய்ந்து பிடித்துக் கீழே விழுந்த டாட்ஜர்ஸின் ஜாக்கி ராபின்சன், 14-ஆவது இன்னிங்ஸில் ஹோம் ரன் (பந்தைக் களத்துக்கு வெளியே அனுப்பி ஓட்டம் எடுக்கும் அடி) அடித்து 9–8 என்று அணியைக் காப்பாற்றினார். இரண்டு அணிகளும் 96 வெற்றி, 58 தோல்வி என்று சமமாக நின்றதால், மூன்று ஆட்டங்கள் கொண்ட தனித் தொடர் தேவைப்பட்டது.

கேள்வி: அந்த மூன்றாவது ஆட்டத்தின் கடைசி நிமிடங்களை விரிவாகச் சொல்ல முடியுமா?

முதல் ஆட்டத்தை ஜயன்ட்ஸ் 3–1 என்றும், இரண்டாவதை டாட்ஜர்ஸ் 10–0 என்றும் வென்றிருந்தன. அக்டோபர் 3 அன்று, ஜயன்ட்ஸின் சொந்த மைதானமான போலோ கிரவுண்ட்ஸில், கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸின் பின்பாதி, அதாவது ஜயன்ட்ஸ் மட்டை பிடிக்கும் முறை, தொடங்கியபோது டாட்ஜர்ஸ் 4–1 என்று முன்னணியில் இருந்தது. பந்தெறிந்து களைத்திருந்த டான் நியூகோம்பை எதிர்த்து ஆல்வின் டார்க்கும் டான் மியூலரும் அடுத்தடுத்து பேஸை (ஓட்டம் முடிக்க வரிசையாகத் தொட வேண்டிய நிலைகளில் ஒன்றை) அடைந்தார்கள். மான்டி இர்வின் ஆட்டமிழந்தார். வைட்டி லாக்மன் அடித்த பந்தில் டார்க் ஓட்டம் எடுக்க, மூன்றாவது பேஸுக்குச் சறுக்கி வந்த மியூலரின் கணுக்கால் முறுக்கிக்கொண்டது. அவரைத் தூக்குப்படுக்கையில் கொண்டுபோனார்கள். 4–2, இரண்டாவது, மூன்றாவது பேஸ்களில் ஆட்கள் நின்றார்கள்.

இப்போது டாட்ஜர்ஸ் மேலாளர் சார்லி டிரெசன், மைதான ஓரத்தில் இரண்டு பிட்சர்கள் (பந்தெறிபவர்கள்) பந்தெறிந்து தயாராகிக்கொண்டிருந்த இடத்துக்குத் தொலைபேசியில் பேசினார். கார்ல் எர்ஸ்கினின் வளைபந்து தரையில் குத்தி எழுகிறது என்று அங்கிருந்த பயிற்சியாளர் சொன்னார். அந்த ஒரு வரித் தகவலால்தான் 13 என்ற எண் பொறித்த சட்டையுடன் ரால்ஃப் பிராங்கா களத்துக்கு வந்தார். எதிரே பாபி தாம்சன்; இரண்டு நாள் முன்பு இதே பிராங்காவை எதிர்த்து ஹோம் ரன் அடித்தவர். முதல் பேஸ் காலியாக இருந்ததால் தாம்சனுக்கு வேண்டுமென்றே அதைக் கொடுத்துவிட்டு அடுத்தவருக்கு எறிந்திருக்கலாம். ஆனால் அப்படிச் செய்தால் வெற்றிக்கான ஓட்டமும் பேஸில் வந்து நிற்கும். அடுத்து மட்டையுடன் காத்திருந்தவரோ 20 வயது வில்லி மேஸ்.

முதல் பந்து மட்டையாளர் முன் உள்ள இலக்குத் தட்டின் நடுவே சென்றது, தாம்சன் விட்டுவிட்டார். இரண்டாவது, உடலை ஒட்டி உயரமாக வந்த வேகப்பந்து. அதை இடப்பக்க மூலைக்கு அடித்தார். போலோ கிரவுண்ட்ஸின் விசித்திர வடிவத்தில் இடப்பக்க எல்லைக்கோடு 279 அடிதான். அந்தப் பக்கம் நின்ற ஆண்டி பாஃப்கோ சுவர் வரை ஓடி, மேலே பார்த்தபடி நின்றுவிட்டார். பந்து பார்வையாளர்கள் நடுவே விழுந்தது. பேஸ்களில் நின்ற இருவரும் தாம்சனும் ஓட்டம் எடுக்க, 5–4. வானொலி வர்ணனையாளர் ரஸ் ஹாட்ஜஸ், ஜயன்ட்ஸ் கொடியை வென்றுவிட்டது என்று அடுத்தடுத்து நான்கு முறை கத்தினார்.

டாட்ஜர்ஸ் வீரர்கள் தலைகுனிந்து நடந்துபோய்க்கொண்டிருந்தபோது, ராபின்சன் மட்டும் களத்திலேயே நின்று, தாம்சன் எல்லாப் பேஸ்களையும் தொடுகிறாரா என்று கவனித்துக்கொண்டிருந்தார். ஒன்றைத் தவறவிட்டிருந்தாலும் நடுவரிடம் முறையிட்டு அவரை ஆட்டமிழக்கச் செய்யலாம் அல்லவா? அந்த ஆட்டத்தில் என்னை மிகவும் நெகிழச் செய்வது அந்த நிற்றல்தான்.

கேள்வி: ஜயன்ட்ஸ் அணி தொலைநோக்கி வைத்து எதிரணியின் சைகைகளைத் திருடியதாகப் படித்தேன். அப்படியானால் இந்த வெற்றியே பொய்தானே?

திருடியது உண்மை. வெற்றி முழுவதும் பொய் என்பதை ஏற்க மாட்டேன்.

பிட்சர் எறியும் முன், மட்டையாளருக்குப் பின்னால் அமர்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர் கால்களுக்கிடையே விரல்களைக் காட்டி, வேகப்பந்தா வளைபந்தா என்று சொல்வார். பந்து வந்து சேர அரை நொடிகூட ஆகாது; ஆகவே எது வருகிறது என்று முன்கூட்டியே தெரிந்த மட்டையாளருக்குப் பெரிய அனுகூலம் உண்டு. இரண்டாவது பேஸில் நிற்கும் வீரர் தம் கண்ணால் சைகையைப் பார்த்துச் சக வீரருக்குத் தெரிவிப்பது ஆட்டத்தின் ஒரு பகுதியாகவே கருதப்பட்டது. மேலாளர் லியோ டுரோஷரின் அணி செய்தது வேறு. போலோ கிரவுண்ட்ஸில் வீரர்களின் உடைமாற்றும் அறை மைதானத்தின் நடு எல்லைக்குப் பின்னால், கேட்சருக்கு நேர் எதிரே இருந்தது. ஜூலை மாதத்திலிருந்து அந்த அறையின் சன்னல் வழியே தொலைநோக்கி வைத்துச் சைகையைப் பார்த்தார்கள். அங்கிருந்து கம்பி இழுத்து, மைதான ஓரத்தில் இருந்த சக வீரர்களுக்கு மின்மணி ஒலியால் தெரிவித்தார்கள். அவர்கள் ஏதேனும் ஓர் அசைவால் மட்டையாளருக்குத் தெரிவித்தார்கள். 2001 ஜனவரியில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ், அந்த அணியில் ஆடியவர்களின் வாக்குமூலங்களோடு இதை வெளியிட்டது.

கருவி வைத்துச் சைகை பார்ப்பதை வெளிப்படையாகத் தடுக்கும் விதி அன்று இல்லை என்று சிலர் வாதிடுகிறார்கள். மறைவாகச் செய்தார்கள், ஐம்பது ஆண்டுகள் வாய் திறக்காமல் இருந்தார்கள் என்பதே அது தவறென்று அவர்களுக்குத் தெரிந்திருந்ததற்குச் சான்று என்பேன்.

ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். தொலைநோக்கி சொந்த மைதானத்தில் மட்டுமே இருந்தது. பாஸ்டனில் வென்றபோது அது இல்லை. தனித் தொடரின் முதல் ஆட்டம் புரூக்ளினின் எபெட்ஸ் ஃபீல்டில் நடந்தது. பிராங்காவை எதிர்த்துத் தாம்சன் முதல் ஹோம் ரன் அடித்தது அங்கேதான். மறுநாள் அதே போலோ கிரவுண்ட்ஸில் ஜயன்ட்ஸ் ஓர் ஓட்டம்கூட எடுக்க முடியாமல் தோற்றது. தொலைநோக்கி பந்தின் வகையைச் சொல்லும், அடித்துத் தராது. அந்த ஆண்டு சில முறை சைகை பெற்றதைத் தாம்சன் ஒப்புக்கொண்டார். அந்தக் கடைசிப் பந்துக்கு மட்டும் பெறவில்லை என்று இறுதிவரை சொன்னார். நான் அவரை நம்பவே விரும்புகிறேன். என்றாலும் அந்த ஐயத்தை அவர்மீது சுமத்தியது அவருடைய அணியேதான்.

கேள்வி: கறுப்பின வீரர்களுக்கு 1951-இல் நிலைமை எப்படி இருந்தது?

இருபதாம் நூற்றாண்டில் இந்த லீகுகளில் ஆடிய முதல் கறுப்பின வீரரான ராபின்சன் டாட்ஜர்ஸில் சேர்ந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. பல அணிகளில் ஒரு கறுப்பின வீரர்கூட இல்லை. ஆனால் இந்தப் போட்டியின் இரண்டு அணிகளும் அவர்கள் தோளில்தான் நின்றன. நேஷனல் லீகின் சிறந்த வீரர் விருது டாட்ஜர்ஸின் ராய் கேம்பனெல்லாவுக்கும், சிறந்த புதுமுக விருது மேஸுக்கும் கிடைத்தன. மேஸ் மே 25-இல் வந்து, முதல் 26 வாய்ப்புகளில் ஒரே ஒரு முறை மட்டுமே அடித்து, மனமுடைந்து அழுதார். நீதான் என் நடுக்கள வீரர் என்று டுரோஷர் அவரைத் தேற்றி வைத்துக்கொண்டார். மியூலரின் கணுக்கால் காயத்தால் உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் ஹாங்க் தாம்சன் (பாபி தாம்சன் அல்ல, வேறொருவர்) களமிறங்க, இர்வின், மேஸ், ஹாங்க் தாம்சன் என மூன்று கறுப்பின வீரர்கள் வெளிக்களம் முழுவதையும் காத்தார்கள். உலகத் தொடரில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. அந்தத் தொடரை அமெரிக்கன் லீகின் முதல் அணியான நியூயார்க் யாங்கீஸ் 4–2 என்று வென்றது.

கேள்வி: பிராங்காவும் தாம்சனும் பிறகு எப்படி வாழ்ந்தார்கள்?

ஆட்டம் முடிந்ததும் உடைமாற்றும் அறைப் படிகளில் பிராங்கா முகம் கவிழ்ந்து கிடக்கும் புகைப்படம் இன்றும் பிரசித்தம். அப்போது அவருக்கு வயது 25. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரே பருவத்தில் 21 ஆட்டங்களை வென்று தந்த பிட்சர் அவர். மக்கள் நினைவில் நின்றதோ ஒரே பந்து. தொலைநோக்கிச் செய்தி 1954-இலேயே அவர் காதுக்கு எட்டிவிட்டது. சொன்னால் சாக்குச் சொல்வதாக ஆகும் என்று, நாளிதழ் வெளியிடும் வரை அவர் அதைப் பொதுவில் பேசவில்லை. அத்தனை ஆண்டுகளிலும் தாம்சனோடு விழாக்களுக்குச் சேர்ந்து சென்று, தாம் தோற்ற அந்தக் கணத்தின் புகைப்படத்திலேயே அவரோடு சேர்ந்து கையெழுத்திட்டுக் கொடுத்தார். தாம்சன் 2010-இலும், பிராங்கா 2016-இல் தம் 90-ஆம் வயதிலும் மறைந்தார்கள்.