பனியன் கம்பெனிக்கும் மஞ்சள் கிடங்குக்கும் ஜகாத் கணக்கு

கேள்வி: சின்னதா ஒரு பனியன் கம்பெனி வச்சிருக்கேனுங்க. ரம்ஜானுக்கு ஒரு தொகையைக் குத்துமதிப்பா எடுத்துக் குடுத்துருவேன். இந்த வருசம் கையில காசு முடை. செகண்ட்ஸ் பீஸ் ரெண்டு மூட்டை கெடக்குது, அதையே ஜகாத்தாக் குடுக்கலாமுங்களா? தீபாவளி போனஸை ஜகாத்துல கழிச்சுக்கலாமுங்களா?
- வாசகர், திருப்பூர்

பதில்: இரண்டும் கூடாது. போனஸ் தொழிலாளி உழைத்த கூலியைச் சேர்ந்தது. ஜகாத்தோ ஏழையின் பங்கு. ‘அவர்களுடைய செல்வங்களில் கேட்போருக்கும் இல்லாதோருக்கும் உரிமை உண்டு’ என்கிறது குர்ஆன் (51:19). ஒரு கடனைக் காட்டி இன்னொரு கடனைத் தீர்க்க முடியாது.

ஹனஃபி மத்ஹபில் (மத்ஹப் என்பது இஸ்லாமியச் சட்ட மரபு) சரக்காகவே கொடுக்க அனுமதி இருக்கிறது. ஆனால், உங்களுக்கே ஒருவர் கொடுத்தால் முகம் சுளித்து வாங்கும் மட்டமான பொருளைத் தேடியெடுத்துக் கொடுக்காதீர்கள் என்று 2:267 தடுக்கிறது. செகண்ட்ஸைக் காதர்பேட்டையில் என்ன விலை போகுமோ அந்த விலைக்கு விற்றுப் பணமாகக் கொடுங்கள்.

குத்துமதிப்புதான் பெரிய சிக்கல். முதன்முதலில் நிஸாப் அளவு (ஜகாத் கடமையாகும் குறைந்தபட்ச அளவு) சொத்து கைக்கு வந்த ஹிஜ்ரி (இஸ்லாமிய ஆண்டு) தேதியே உங்கள் கணக்கு நாள். அது ரம்ஜானில்தான் வரவேண்டும் என்பதில்லை. அன்று இருக்கும் நூல், டையிங்கில் கிடக்கும் துணி, தைத்து முடித்த சரக்கு எல்லாவற்றையும் அன்றைய மொத்த விற்பனை விலைக்கு மதிப்பிடுங்கள். அடக்க விலையைப் போடுவதுதான் பலரும் செய்யும் பிழை. ஜாப் ஒர்க்குக்கு வந்த அடுத்தவர் துணி உங்கள் கணக்கில் வராது. மெஷின், கட்டடம், வண்டி இவற்றுக்கு ஜகாத் இல்லை.

உதாரணமாக, நூல் 6 லட்சம், துணி 4, தைத்த சரக்கு 10, ரொக்கமும் பேங்க் இருப்பும் 3, நிச்சயம் வரும் பில் பாக்கி 12. ஆக 35 லட்சம். நூல் மில்லுக்கு 8, டையிங் கூலியும் வாரச் சம்பளமும் 3 என 11 லட்சம் கொடுக்க வேண்டியிருந்தால் மீதி 24 லட்சம். அதில் நாற்பதில் ஒரு பங்கு 60,000 ரூபாய். மார்ச் 31 கணக்கை வைத்தே கொடுப்பீர்களானால், சூரிய வருடம் ஹிஜ்ரி வருடத்தைவிட 11 நாள் நீளம் என்பதால் 2.577 சதவீதம், ஏறக்குறைய 61,850 ரூபாய் வரும். இழுத்தடிக்கும் பார்ட்டியின் பாக்கியை விட்டுவிடுங்கள், வசூலானதும் சேர்த்துக்கொள்ளலாம்.

மெஷின் லோன் முழுவதையும் கழித்து ஜகாத்தே இல்லாமல் செய்வதையும் பார்க்கிறோம். மெஷினைச் சொத்தில் சேர்க்காதபோது அதன் மொத்தக் கடனை மட்டும் கழிப்பது நியாயமில்லை. கெடு வந்த தவணையை மட்டும் கழியுங்கள். கடனைக் கழிப்பது ஹனஃபி வழி. ஷாஃபி மத்ஹபின் வலுவான கருத்தில் அதுவும் கிடையாது.

உங்கள் பவர் டேபிளில் தைப்பவர்களில் பலர் பிற சமயத்தவராக இருப்பார்கள். ஜகாத் முஸ்லிம் ஏழைகளுக்கு என்பதே பொதுவான சட்டம். ஆனால் விருப்பப்பட்டுச் செய்யும் தர்மமான சதகாவுக்கு அந்த வரம்பு இல்லை. அங்கே தாராளமாகக் கை நீளட்டும்.

கேள்வி: கிணத்துப் பாசனத்துல மஞ்சள் போட்டேனுங்க. விலை வரட்டும்னு ரெண்டு வருசமாக் கிடங்குல வச்சிருக்கேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கிட்ட 50 மூட்டை வாங்கியும் போட்டிருக்கேன். ரெண்டுக்கும் ஒரே கணக்குங்களா?
- வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: வேறு வேறு. விற்பதற்கென்று விலை கொடுத்து வாங்கிய 50 மூட்டை வியாபாரச் சரக்கு. விலை இறங்கியிருந்தாலும் ஒவ்வொரு வருடமும் அன்றைய மண்டி விலையில் 2.5 சதவீதம் கடமை.

சொந்த விளைச்சல் கிடங்கில் கிடப்பதாலேயே வியாபாரச் சரக்கு ஆகாது; விற்ற பிறகு கையில் நிற்கும் பணம்தான் கணக்குக்கு வரும். இமாம் அபூஹனீஃபாவின் கருத்தில் அறுவடையின்போது விளைச்சலுக்கே உஷ்ர் (விளைச்சல் மீதான ஜகாத்) உண்டு: மானாவாரிக்குப் பத்தில் ஒன்று, இறைத்துப் பாய்ச்சியதற்கு இருபதில் ஒன்று. 40 குவிண்டாலுக்கு 2 குவிண்டால். இறைக்கும் செலவுக்காகவே விகிதம் பாதியாகியிருப்பதால் உழவு, உரம், வெட்டுக்கூலியைக் கழிக்க இடமில்லை. நம் நாட்டு நிலங்களுக்கு உஷ்ர் உண்டா என்பதில் ஹனஃபி ஆலிம்களிடையே (மார்க்க அறிஞர்கள்) கருத்து வேறுபாடு இருப்பதால் உங்கள் ஊர் ஹஸ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஷாஃபி மத்ஹபில் சேமித்து உண்ணும் முக்கிய உணவுப் பயிருக்கே இது பொருந்தும், மஞ்சளுக்கு இல்லை.

கேள்வி: எங்க அண்ணன் தறி ஓட்டி நொடிச்சுப் போயிட்டாருங்க. எனக்குத் தரவேண்டிய கடனை ஜகாத்தாத் தள்ளிடலாமா?
- வாசகர், பள்ளிபாளையம்

பதில்: உடன்பிறந்தவருக்கு ஜகாத் கொடுக்கலாம், தேவையுள்ள உறவுக்குக் கொடுத்தால் தர்மம், உறவைப் பேணுதல் என இரண்டு நன்மை என்று நபிமொழி இருக்கிறது. பெற்றோர், பிள்ளைகள், மனைவிக்குத்தான் கூடாது. ஆனால் கடனைத் தள்ளுவது ஜகாத் ஆகாது. பணத்தை நிபந்தனையின்றி அவர் கையில் கொடுங்கள். விரும்பினால் அவர் அதிலிருந்து கடனை அடைக்கட்டும். வீட்டுச் செலவுக்கு எடுத்தால் கேட்காதீர்கள். ஜகாத் என்று சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை, சொன்னால் அண்ணன் மனம் நோகும்.

கேள்வி: எங்கிட்ட 15 பவுன் நகை இருக்குங்க. சம்பாத்தியம் இல்ல. அல்லாஹ் கொடுத்ததுக்கு வாயார நன்றி சொல்றேன். ஜகாத்தும் குடுக்கணுமா?
- வாசகி, கோவை

பதில்: ‘தாவூதின் குடும்பத்தாரே, நன்றியாகச் செயல்படுங்கள்’ என்று குர்ஆன் (34:13) நன்றியைச் செயலோடு சேர்த்தே சொல்கிறது. ஹனஃபி முறையில் தங்கத்தின் நிஸாப் 87.48 கிராம், கிட்டத்தட்ட 11 பவுன். 15 பவுன் 120 கிராம். கொடுக்க வேண்டியது 3 கிராமின் விலை. செய்கூலி, சேதாரத்தைச் சேர்க்க வேண்டாம். ஷாஃபி மத்ஹபில் வழக்கமான அளவில் அணியும் நகைக்கு இல்லை. நகை உங்களுடையது என்பதால் கடமையும் உங்களுடையது. கணவர் உங்கள் சம்மதத்தோடு கட்டலாம். இல்லையேல் ஒரு சிறு நகையை விற்றுக் கொடுங்கள்.