டாக்டர் பதில்கள்

கேள்வி: என் பொண்ணு மெடிக்கல் படிக்கிறா டாக்டர், சினைப்பை கேன்சருக்கு இம்யூனோதெரபி (உடம்போட எதிர்ப்பு சக்தியையே கேன்சரோட சண்டை போட வைக்கிற சிகிச்சை) ஆராய்ச்சி பண்ணணும்ங்கிறா. ஆபரேஷன் பண்ற டாக்டருக்கு லேப்ல என்ன வேலை?

பதில்: நிறைய இருக்கும்மா. ஆபரேஷன்ல எடுக்குற கட்டியில ஒரு துண்டு லேபுக்குப் போகும், அதுக்குள்ள டி செல், அதாவது கேன்சரை எதிர்த்துப் போராடுற வெள்ளணு, நுழைஞ்சிருக்கா இல்ல ஓரத்துலயே நின்னுடுச்சான்னு மைக்ராஸ்கோப்ல பாக்கணும், அதுலதான் விஷயமே இருக்கு. சினைப்பை கேன்சர் ஆராய்ச்சி பண்ற ஜார்ஜ் கூகோஸ் டாக்டரோட குழு 2003ல 186 கட்டி சாம்பிள் பாத்தாங்க, உள்ள டி செல் இருந்தவங்கள்ல 38 சதவீதம் பேர் 5 வருஷம் தாண்டினாங்க, இல்லாதவங்கள்ல 4.5 சதவீதம்தான். ஆனா பெம்ப்ரோலிசுமாப்ங்கிற இம்யூனோதெரபி மருந்து மட்டும் குடுத்த ட்ரயல்ல 100ல சுமார் 8 பேருக்குத்தான் கட்டி நல்லா சுருங்குச்சு, மீதிப் பேருக்கு ஏன் கேக்கலைன்னு கண்டுபிடிக்க உங்க பொண்ணு மாதிரி ஆளுங்க கட்டாயம் வேணும். ட்ரெய்னிங் பல வருஷம் ஓடும், அவசரப்படுத்தாதீங்க.