கேள்வி-பதில்: அப்டேட் போட்டதும் படுத்துவிட்ட பில்லிங்

தனியாளாக ஃபேன்ஸி ஸ்டோர் நடத்துகிறேன். உபுன்டு என்ற லினக்ஸ் ஓஎஸ்ஸில் ஓடும் பில்லிங் சாஃப்ட்வேரை 18,000 ரூபாய்க்கு வாங்கினேன். உபுன்டு 22.04 வெர்ஷனிலிருந்து 24.04-க்கு மாறியதும் திறக்கவில்லை. "பைத்தான் மாட்யூல் போயிடுச்சு, திரும்பப் போட 4,000 ஆகும்" என்கிறார் விற்றவர். கொடுக்கலாமா?
- வாசகி, மயிலாப்பூர்

கொடுக்காதீர்கள். மாட்யூல், அதாவது சாஃப்ட்வேர் ஓடத் தேவைப்படும் பைத்தான் மொழித் துணை நிரல், எங்கும் போயிருக்காது. 'சூடோ பிப்' (அட்மின் அதிகாரத்தோடு பைத்தான் மாட்யூல் போடும் கமாண்ட்) என்று அடித்துப் போட்டிருப்பார். அது 'யூஎஸ்ஆர் லோக்கல்' (/usr/local) அடியில், பைத்தான் 3.10-க்கான ஃபோல்டரில் போய் உட்காரும். 24.04-ல் இருப்பது பைத்தான் 3.12. அது பழைய ஃபோல்டரை எட்டிக்கூடப் பார்க்காது.

இந்த விஷயத்தில் எனக்கு ரொம்ப நாள் எரிச்சல், பொறுத்துக்கொள்ளுங்கள். 'யூஎஸ்ஆர் லிப்' (/usr/lib) என்பது சாஃப்ட்வேர்களைப் போட்டு நீக்கும் உபுன்டுவின் பேக்கேஜ் மேனேஜர் ஆளும் இடம். அங்கே யாரும் கையால் எதையும் திணிக்கக் கூடாது. 'யூஎஸ்ஆர் லோக்கல்' மெஷினின் சொந்தக்காரருக்கு, அதாவது உங்களுக்கு. காசு வாங்கி விற்பவர் 'ஆப்ட்' (/opt) டைரக்டரியில் தன் பெயரில் ஃபோல்டர் போட்டு, அதற்குள் வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (மற்றவற்றோடு கலக்காத தனி பைத்தான் இடம்) அமைத்து மாட்யூல்களை வைக்கவேண்டும். இல்லையா, பேக்கேஜ் மேனேஜரே போடக்கூடிய முறையான டெப் பேக்கேஜாகத் தரட்டும். ஓஎஸ் மாறினால் அந்த என்விரான்மென்டையும் புதிதாக உருவாக்கத்தான் வேண்டும். ஆனால் மாட்யூல் பட்டியல் ஒரு ஃபைலில் இருந்தால் டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும். அதற்கா 4,000? 2023-ல் வந்த டெபியன் 12 (உபுன்டுவுக்கு அடிப்படையான லினக்ஸ்), உபுன்டு 23.04 முதலே சிஸ்டம் பைத்தானில் பிப் போடப்போனால் மறுத்துவிடுகிறது. இதையே தொழிலாக வைத்திருப்பவருக்கு அது தெரியாதா?

மாறும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சரி, அதற்காகத் தண்டம் கட்டவேண்டியதில்லை. பிழைப்புக்காக நீங்களே கடை நடத்துவதால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்களும் நுகர்வோர்தான். முதலில் எழுத்தில் கேளுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-க்கு போன் செய்யுங்கள். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது: 2 ஆண்டுக்குள் போகவேண்டும், கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை.

நெட்டில் பார்த்து, சிஸ்டத்தின் தடையை மீறிப் போடவைக்கும் 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' ஆப்ஷனோடு பிப் போட்டேன். இப்போது சிஸ்டம் டூல்கள் திறக்கவில்லை. லேப்டாப் கடைக்காரர் வாரன்டியில் செய்யமாட்டேன் என்கிறார்.
- வாசகர், வேளச்சேரி

அவர் ஏன் செய்யவேண்டும்? சிஸ்டம் தடுத்தது, நீங்கள் கேட்கவில்லை. போட்டதையெல்லாம் பிப் வழியாகவே நீக்கிப் பாருங்கள்.

ரிச்சி தெருவில் பழைய லேப்டாப் வாங்கினேன். வாங்கிய ஒரே வாரத்தில் போர்டு போய்விட்டது. பில் இல்லை. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று துண்டுச்சீட்டு மட்டும் தந்தார்கள்.
- வாசகர், பெரம்பூர்

பாவம். அந்த வாசகத்துக்குப் பயப்படாதீர்கள். பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பது நியாயமற்ற வணிக முறை என்கிறது அதே சட்டம். பில் தராததும் அப்படித்தான். துண்டுச்சீட்டையும் யுபிஐ ரசீதையும் பத்திரமாக வையுங்கள்.

பெட்டியில் 'லினக்ஸ் சப்போர்ட் உண்டு' என்று இருந்தால் நம்பலாமா?
- வாசகி, தாம்பரம்

அதை நம்பி வாங்கிய லேபிள் பிரின்டர் என் வீட்டுப் பரணில் கிடக்கிறது. கூட வந்த பெர்ல் மொழி ஸ்கிரிப்ட்டுக்கு என்னென்ன மாட்யூல் வேண்டும், எங்கே போடவேண்டும் என்று எந்தத் தாளிலும் இல்லை. எந்த டிஸ்ட்ரோ (உபுன்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வகை), எந்த வெர்ஷன், டெப் பேக்கேஜ் உண்டா என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் வாங்குங்கள். "எல்லாத்துலயும் ஓடும் மேடம்" என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

உபுன்டு உள்ள பென்டிரைவ் 1,500 ரூபாய் என்கிறார்கள். சரியான விலையா?
- வாசகர், அம்பத்தூர்

உபுன்டு இலவசம். பென்டிரைவுக்கு மட்டும் காசு கொடுங்கள்.